டிரைப் பாணியில் மதுரையை எடுக்க செபியா போதுமா?

கேள்வி (ஒரு வாசகர்), 5 ஜனவரி

லின்னேயஸ் டிரைப் 1858-ல் எடுத்த மதுரைப் படங்களை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நானும் மதுரைக்காரன்தான். அதே மாதிரி ஒரு வரிசை எடுக்க ஆசை. மொபைலில் எடுத்து, செபியா போட்டு, ஓரத்தைக் கொஞ்சம் கருக்கினால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

5 ஜனவரி, இரவு

போதாது. செபியா வேண்டவே வேண்டாம். டிரைப்பின் பிரிண்டுகள் டீக்கறை நிறத்தில் இல்லை, உற்றுப் பாருங்கள். தங்க உப்புக் கரைசலில் நிறம் ஏற்றிய பிரிண்டுகள் ஊதா கலந்த ஆழமான பழுப்பில் இருக்கும். நாம் செபியா என்று மொபைலில் தடவுவது வெளுத்துப்போன பழைய கல்யாண ஆல்பத்தின் நிறம்.

நிறத்தை விடுங்கள், அது கடைசி வேலை. முதலில் கோட்டைப் பாருங்கள். அவர் படத்தில் தூண் தூணாக நிற்கும். கோபுரமோ மதிலோ பின்னால் சாயாது. கேமராவை அண்ணாந்து பார்க்கவிடாமல், தரைக்குச் சமமட்டமாக வைத்து எடுத்தால்தான் அப்படி வரும். மொபைலைத் தூக்கிக் கோபுரத்தைக் காட்டிய கணமே டிரைப் போய்விட்டார். எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள், இல்லையென்றால் நூறு அடி பின்னால் போங்கள். நான் 26 வருடமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். அவசரத்தில் எடுப்பதுதான் என் பிழைப்பு. டிரைப்பைப் பார்த்த பிறகுதான் ஒரு ட்ரைபாடை ஊன்றி, ரசமட்டம் வைத்து, அரைமணி நேரம் சும்மா நிற்கக் கற்றுக்கொண்டேன்.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக: கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1855-ல் பர்மா மன்னரிடம் டல்ஹௌசி அனுப்பிய தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்து, அதில் 120-ஐத் தொகுப்பாகக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் சென்னை மாகாண அரசு தனக்கென்று போட்டோகிராபர் வேலை ஒன்றை உண்டாக்கி இவரை அமர்த்தியது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று ஒரே சுற்று. மதுரையில் இருந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி. இப்போதும் ஜனவரி. வெயில் அதே சாய்வில்தான் விழுகிறது. கிளம்புங்கள்.

6 ஜனவரி

நேற்று எழுத மறந்தது. மொபைலில்தான் எடுப்பீர்கள் என்றால் கருப்பு வெள்ளை ஆக்கும்போது நீலச் சானலை மட்டும் வைத்துக்கொண்டு சிவப்பையும் பச்சையையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தக் காலத்து வெள்ளி உப்புத் தாளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்புக்கு அது குருடு. அதனால்தான் வானம் வெள்ளை வெளேர் என்றும், இலையெல்லாம் கரியாகவும் இருக்கிறது. கோயில் மதிலின் வெள்ளைப் பட்டை பளீரென்றும் காவிப் பட்டை மையாகவும் வரும். இந்த ஒரு மாற்றம் நூறு பில்டருக்குச் சமம்.

9 ஜனவரி

"நீங்கள் எதில் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டவர்களுக்கு.

மரப்பெட்டி. நானே தச்சரிடம் உட்கார்ந்து செய்தது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு பெட்டிகள், உள்ளே கருப்புத் துணி. லென்ஸ் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கிடைத்தது. அச்சடிக்கப் பிளேட் எடுக்கும் பெரிய பிராசஸ் கேமராக்களில் இருந்த 360 மில்லிமீட்டர் லென்ஸ். அந்த அச்சகத்தில் முப்பது வருடம் பிராசஸ் கேமரா ஓட்டிய பெரியவர், கேமராவை இரும்புக்குப் போட்டபோது லென்ஸை மட்டும் கழற்றி வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "இதுல வெளிய வானத்தைப் பாத்ததே இல்லப்பா. எல்லாம் காலண்டர் சாமி படந்தான். நீ எடுத்துக் காமி" என்றார். அவருக்குக் காட்டத்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பிலிம் கிடையாது. பிரிண்ட் போடும் போட்டோ பேப்பரையே, 10-க்கு 12 அங்குலத் தாளை, பெட்டியின் பின்னால் செருகி அதிலேயே எடுக்கிறேன். கழுவினால் தாளில் நெகட்டிவ் வரும். அதை இன்னொரு பேப்பரோடு முகத்துக்கு முகம் அழுத்தி வைத்து வெளிச்சம் காட்டினால் பிரிண்ட். டிரைப் காலத்தில் பெரிதாக்குவது என்ற பேச்சே இல்லை, நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அதே அளவு. ஏறக்குறைய 10-க்கு 14 அங்குலம் வரும் அவர் படங்கள். அப்படியானால் அவருடைய கேமரா எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள்.

கணக்கு இது: பேப்பர் வெளிச்சத்தை வாங்கும் வேகத்தை ஐ.எஸ்.ஓ 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் துவாரத்தை f/64 வரை சுருக்கினால் உச்சி வெயிலில் 3 நொடி, காலை ஏறுவெயிலில் 25 நொடி. பேப்பர் கடுமையான காண்ட்ராஸ்ட் கொடுக்கும், கருப்பும் வெளுப்பும் மட்டும் நிற்கும். எடுப்பதற்கு முன் டார்க் ரூமில் ஒரு மங்கலான விளக்கைக் கண் சிமிட்டும் நேரம் தாளின் மேல் காட்டிவிடுங்கள். நிழலுக்குள் இருப்பதெல்லாம் மெல்ல வெளியே வரும்.

9 ஜனவரி, சற்றுப் பிறகு

பின்பக்கம் கம்பெனிப் பெயர் அச்சடித்த பேப்பரை வாங்காதீர்கள். பிரிண்ட் போடும்போது வெளிச்சம் தாளை ஊடுருவித்தான் போக வேண்டும். எனக்கு முதல் நெகட்டிவில் வைகையின் வானம் முழுக்க அந்தப் பெயர் குறுக்கும் நெடுக்குமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

17 ஜனவரி

பொங்கல் முடிந்து ஒத்தக்கடைக்குப் போனேன். யானைமலை. டிரைப் அதைப் பாறையின் ஒரு முனையில் நின்று எடுத்திருக்கிறார். யானை படுத்திருக்கும் பக்கவாட்டுத் தோற்றம்தான் நாம் எல்லோரும் எடுப்பது, பஸ்ஸில் போகும் குழந்தைகூட அதைத்தான் காட்டும். முனையிலிருந்து பார்த்தால் யானை இல்லை. மொட்டையான ஒரு பெரும் கல், வெயிலில் அதன் தோல் மட்டும். அந்தப் படத்தைப் பார்க்கும்வரை யானைமலைக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. இந்த ஊரில் பிறந்து 49 வயது எனக்கு.

அதனால் முதல் பாடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது: ஊருக்குப் பழகிய முகத்தை விட்டுவிட்டு, சுற்றி நடந்து வேறு முகம் தேடுவது. அவர் சர்வேக்காரன் மாதிரி சுற்றினார். அந்தப் பார்வை நமக்கு வர வேண்டும்.

நான் எடுத்தது: காலை 7:10, 20 நொடி. இப்போது அங்கே வீட்டு மனைகளும் செல்போன் கோபுரமும். கோபுரத்தை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு விட்டுவிட்டேன். அவர் வந்த மாதம் அங்கு எது நின்றதோ அதை அவர் எடுத்தார். நான் வந்த மாதம் செல்போன் கோபுரம் நிற்கிறது.

பாறை அருமையாக வந்தது. மழைநீர் வழிந்த கருங்கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகிறது. வானம் மட்டும் வெறும் வெள்ளைக் காகிதம். டிரைப்புக்கு மட்டும் எப்படி அவ்வளவு மேகம் கிடைத்ததோ. அன்றைக்கு மாசு குறைவு, மேகம் தெளிவாக இருந்திருக்கும்.

18 ஜனவரி

நேற்றுக் கடைசியில் எழுதியது தவறு. ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்னார், நானும் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். பாறைக்குப் போதுமான வெளிச்சம் கொடுத்தால் வானம் எரிந்துபோகும். எனக்கு எரிந்தது போல அவருக்கும் எரிந்தது. மேகங்களை அவர் நெகட்டிவின் மேல் கையால் தீட்டியிருக்கிறார். மரத்தின் இலைகளைக்கூட அங்கங்கே தூரிகையால் திருத்தியிருக்கிறார்.

"அப்படியானால் அதுவும் ஏமாற்றுத்தானே, போட்டோஷாப் மாதிரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன்.

26 ஜனவரி

விளக்குத்தூண். டிரைப் எடுத்த மதுரைப் படங்களில் என் மனதுக்கு நெருக்கமானது. பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவுக்காக வைத்த தூண். மதுரைக் கோட்டை மதிலை இடிக்க வைத்து, ஊரை வெளியே பரவவிட்டவர் அவர்தான். மதிலும் அகழியும் இருந்த இடம்தான் இன்றைய வெளிவீதிகள். டிரைப் வந்தபோது அந்த மதில் போய் அதிக காலம் ஆகவில்லை. அவர் படத்தில் தூணைச் சுற்றி அத்தனை காலியிடம். இன்றைக்கு அதைச் சுற்றி ஜவுளிக்கடை, ஆட்டோ, தலைச்சுமைக்காரர்கள், தீபாவளி மாதத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

என் திட்டம் இது: விடியற்காலை, வெயில் விழுமுன், 90 நொடி. 90 நொடி திறந்து வைத்தால் நடக்கிறவர் எவரும் தாளில் நிற்க மாட்டார். தெரு தானாகக் காலியாகும். டிரைப் நெகட்டிவுக்கு வைத்த மெழுகு ஏற்றிய தாளுக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது, அவருடைய வெறிச்சோடிய தெருக்களின் ரகசியம் பாதி அதுதான்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பெட்டியை நிறுத்தினேன். குடியரசு தினம் என்பது நினைவிலேயே இல்லை. ரோந்து வந்த காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னய்யா அது, பொட்டிக்குள்ள?"

"கேமரா சார்."

"இது கேமராவா? திற."

திறந்தால் தாள் கெட்டுவிடும். அப்போது உள்ளே தாள் போடவில்லை, நல்ல வேளை. கருப்புத் துணியைத் தூக்கி, "நீங்களே பாருங்க சார்" என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து துணிக்குள் தலையை விட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தேய்த்த கண்ணாடியில் விளக்குத்தூண் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் மேல் ஒரு பால்காரரின் சைக்கிள் வலமிருந்து இடமாகக் கூரையில் பல்லி போல ஊர்ந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "தலைகீழாத் தெரியுதேய்யா... கலராத் தெரியுது!" வெளியே வந்ததும், "எங்க அப்பா வீட்ல ஓட்டுல ஒரு ஓட்டை இருந்துச்சு. சுவத்துல இப்பிடித்தான் ரோடு தெரியும், தலைகீழா" என்றார். பிறகு நான் முடிக்கும்வரை அங்கேயே நின்று, குறுக்கே வந்த ஒரு மினி லாரியைக் கைகாட்டி நிறுத்தி வைத்தார்.

படம் கழுவிக் காய்கிறது. நாளை பார்க்கலாம்.

27 ஜனவரி

பால்காரர் இல்லை. ஆட்டோக்கள் இல்லை. மினி லாரி மட்டும் தெளிவாக நிற்கிறது! அவர் நிறுத்தி வைத்ததால்.

இன்னொன்றும் இருக்கிறது. தூணின் அடியில் ஒரு அம்மா. பூக்கட்ட உட்கார்ந்திருக்கிறார். நான் எடுக்கும்போது கவனிக்கவே இல்லை. முகம் கரைந்துவிட்டது, கைகள் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகை. ஆனால் புடவையின் மடி, ஊன்றிய முழங்கால், பக்கத்தில் கூடை, எல்லாம் கல்லில் செதுக்கியது போல. 90 நொடியும் கை மட்டும்தான் அசைந்திருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்து அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 பிப்ரவரி

அந்த அம்மாவைப் பார்த்ததிலிருந்து 26-ந் தேதி நான் எழுதியது உறுத்துகிறது. "தெரு தானாகக் காலியாகும்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறேன். யாரைக் காலி செய்கிறேன்?

டிரைப்பின் காலி மதுரையை நான் உயிராக நேசிக்கிறேன். அதே சமயம் அது எந்த ஆண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 1857 டிசம்பரில் கிளம்புகிறார். வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. 1858 முடிவதற்குள் கம்பெனி ஆட்சியே போய் ராணியின் ஆட்சி வந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் கேப்டன் அரசாங்கச் செலவில் கோயிலையும் அரண்மனையையும் பாலத்தையும் ஆளில்லாமல் பதிவு செய்கிறார். மெழுகுத்தாளின் மந்தம் ஒரு காரணம், சரி. ஆனால் உட்கார்ந்திருப்பவர் 90 நொடியில் பதிவார் என்று என் படமே சொல்கிறதே! அவர் யாரையாவது உட்காரச் சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது கட்டடம். நமக்கு வேண்டியதும் அதுவேதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் வரிசையில் ஒரு விதி சேர்த்துக்கொண்டேன். நடந்து போகிறவர்கள் போகட்டும். அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிழைக்கிறவர்களை முதலில் போய்ப் பார்த்து, சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்வது. பூக்கார அம்மாவிடம் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்னப்பா, மூஞ்சியே இல்ல" என்றார். பிறகு கையிருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இது பூவா?" என்று கேட்டார். பூதான், ஒன்றரை நிமிடத்துப் பூ.

2 பிப்ரவரி, பின்குறிப்பு

மீனாட்சி கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வாக்குவாதம் செய்யாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், எழுதிக் கேளுங்கள்.

20 பிப்ரவரி

மேகம். பாக்கி வைத்த பதில்.

யானைமலை நெகட்டிவுக்கு மெழுகு ஏற்றினேன். சாதாரண மெழுகுவர்த்தியைத் துருவித் தாளின் பின்பக்கம் தூவி, மேலே பிரவுன் பேப்பர் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் நகர்த்தினால் மெழுகு உருகித் தாளுக்குள் இறங்கும், தாள் எண்ணெய் பட்ட முறுக்குக் காகிதம் போல ஒளி விடும். இதற்குப் பழைய நார்த்தாள்தான் ஆகும், பிளாஸ்டிக் பூசிய இன்றைய பேப்பர் மெழுகைக் குடிக்காது, சுருண்டுவிடும். டிரைப் காலத்து முறையில் எடுப்பதற்கு முன்பே தாளுக்கு மெழுகு ஏற்றிவிடுவார்கள். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851-ல் வெளியிட்ட முறை அது. முன்கூட்டியே தயாரித்து, உலர்ந்த தாளாகப் பையில் கொண்டுபோய், எடுத்து, பிறகு நிதானமாகக் கழுவலாம். கண்ணாடித் தகட்டு முறையில் ஈரம் காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நம் ஊர் வெயிலில், மாட்டுவண்டிப் பயணத்தில், மெழுகுத்தாள் எப்பேர்ப்பட்ட வரம்!

பிறகு ஜன்னல் கண்ணாடியில் நெகட்டிவை ஒட்டி, மென்மையான பென்சிலால் பின்பக்கம் வானத்தில் தீட்ட ஆரம்பித்தேன். நெகட்டிவில் கருக்கிய இடம் பிரிண்டில் வெளுக்கும், ஆகவே மேகத்தின் வெளுப்பை நான் கருப்பாக நினைக்க வேண்டும். நாலு தாள் பாழ். பஞ்சு மிட்டாய் மாதிரி வந்தது. ஐந்தாவதில்தான் புரிந்தது, நான் மேகத்தைப் பார்த்ததே இல்லை. மாடிக்குப் போய்ப் படுத்தேன். பிப்ரவரி மேகம் மதுரையில் திட்டுத் திட்டாக இருக்காது, இழை பிரித்த பஞ்சு போல மேற்கிலிருந்து நீளும், அடி விளிம்பு மட்டும் கொஞ்சம் கனக்கும். மூன்று மாலை பார்த்துவிட்டு வந்து தீட்டினேன்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். தாளுக்குத் தெரியாததைக் கண்ணுக்குத் தெரிந்தபடி எழுதிச் சேர்த்திருக்கிறார். அன்றைக்கு அங்கே இல்லாத கோபுரத்தை எழுதினால்தான் பொய் என்று என் மனதுக்குப் படுகிறது. இந்த இடத்தில் நான் டிரைப்பின் பக்கம்.

11 மார்ச்

தஞ்சைப் படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு நீளமாக எழுதுகிறேன்.

பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சுற்றி ஓடுகிறதல்லவா, அதை டிரைப் பகுதி பகுதியாக எடுத்து 21 பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி. ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பி எடுக்கிற பனோரமா அல்ல இது. ஒவ்வொரு படத்துக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுவரோடு நகர்ந்திருக்கிறார், எழுத்தின் அளவு மாறக்கூடாதே. ஹுல்ட்ஸ் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக வந்தது 1886-ல். அதற்கு 28 வருடம் முன்னால் ஒரு தமிழ்க் கல்வெட்டை வரிவரியாகப் படம் பிடித்திருக்கிறார் ஒரு படைவீரர். எனக்கு இதுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம்.

இதை எப்படிப் பின்பற்றுவது? கல்வெட்டையே திரும்ப எடுப்பதில் அர்த்தமில்லை. எங்கள் பகுதியில் ஒரு பஞ்சாலை, மூடி வருடக்கணக்காகிறது. அதன் சுற்றுச்சுவர் முழுக்க எழுத்து. கட்சிக்காரர்கள் "2011 வரை" என்று இடம்பிடித்த எழுத்து, எலும்பு முறிவு வைத்தியம், டியூஷன், கண்ணீர் அஞ்சலி, "இங்கு விளம்பரம் செய்யாதீர்". ஒன்றின் மேல் ஒன்று. இதுவும் கல்வெட்டுதான், சுண்ணாம்பில் எழுதியது.

சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளிச் சாக்பீஸால் ரோட்டில் ஒரு நேர்கோடு. இரண்டரை மீட்டருக்கு ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு படம், 11 படம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், 40 நொடி. என்னிடம் தாள் வைக்கும் சட்டம் இரண்டுதான், அதனால் இரண்டுக்கு ஒரு தடவை கருப்புப் பைக்குள் கைவிட்டுத் தாள் மாற்ற வேண்டும். மூன்று மணி நேரம் ஆனது. ஏழாவது புள்ளிக்கு வரும்போது வெயில் சுவரின் தலையைத் தொட்டுவிட்டது, ஒரு வேப்பமர நிழல் உள்ளே நுழைந்தது. மறுநாள் 7-வது புள்ளி முதல் 11-வது வரை மறுபடி எடுத்தேன். டிரைப் 21 படத்துக்கும் வெளிச்சம் ஒத்துவர எத்தனை நாள் நின்றாரோ. கல்லில் வெட்டிய எழுத்து, பக்கவாட்டு வெளிச்சம் இல்லையென்றால் வாசிக்கவே முடியாது.

இப்போது சொல்ல வந்த விஷயம். தாளுக்கு நீலம் வெள்ளையாகத் தெரியும், மஞ்சளும் சிவப்பும் கருப்பாகத் தெரியும் என்று ஜனவரி 6-ல் எழுதினேன் அல்லவா. கழுவிப் பார்த்தால் டியூஷன் விளம்பரம் காணவில்லை. நீலத்தில் எழுதியது, வெள்ளைச் சுவரோடு கலந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வேறு எழுத்து நிற்கிறது. கண்ணால் பார்த்தபோது அங்கே வெறும் மஞ்சள் கறை, மழைநீர் கறை என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலை போய் மூக்கு படும்படி நின்று பார்த்தேன், அப்போதும் சரியாகத் தெரியவில்லை. தாளில் தெரிகிறது. காவியில் எழுதி, மேலே சுண்ணாம்பு அடித்து, சுண்ணாம்பும் தேய்ந்த எழுத்து:

"2-வது ஷிப்ட் சங்கு 3 மணி"

என் அப்பா அந்த ஷிப்ட். மூன்று மணிச் சங்குக்கு முன் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும், அம்மா இரண்டரைக்கே இலையைப் போட்டுவிடுவார். அந்த எழுத்தை நான் சின்ன வயதில் வாசித்திருக்க வேண்டும். துளியும் நினைவில் இல்லை.

12 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தஞ்சைக் கல்வெட்டுக்கு இந்த நிற வேலை பொருந்தாது. அது கல்லில் வெட்டியது, நிறம் கிடையாது. நீலம், மஞ்சள் மாயமெல்லாம் வண்ணச் சுவருக்குத்தான்.

14 மார்ச்

11 பிரிண்டையும் மைதாப் பசையில் ஒட்டி வீட்டுக் கூடத்தில் விரித்தேன். கூடம் போதவில்லை, கடைசி இரண்டு அடுக்களைக்குள் போய்விட்டது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்தபடியே "கண்ணீர் அஞ்சலி"யில் இருந்த பெயரை வாசித்து, அந்த ஆள் யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னார்.

6 ஏப்ரல்

"இவ்வளவு நன்றாக எடுத்தவர் ஏன் நிறுத்தினார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செலவு. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது அரசாங்கத்துக்குத் தாங்காத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். அதன் பிறகு டிரைப் படம் எடுத்தது மிகக் குறைவு. பிறந்த ஊரிலேயே 1902-ல் இறந்தார். அவர் வேலை முழுமையாகப் பார்வைக்கு வந்த பெரிய கண்காட்சி 2014-ல் வாஷிங்டனில் தொடங்கி, பிறகு நியூயார்க்கிலும் லண்டனிலும் நடந்தது. மதுரையிலும் தஞ்சையிலும் அந்த பிரிண்டுகளை ஒருமுறை கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை, ஆசை என்பதைவிடக் கோரிக்கை. பூக்கார அம்மா பார்க்க வேண்டும். விளக்குத்தூண் அவர் தினம் உட்காரும் இடம்.

திருமலை நாயக்கர் அரண்மனைப் படத்தையும் தவறவிடாதீர்கள். நேப்பியர் கவர்னராக வந்து பழுதுபார்க்க வைத்ததற்கு முந்தைய நிலை அது. நாம் ஒலி ஒளிக் காட்சி பார்க்கும் அரண்மனை எந்தக் கதியில் கிடந்தது என்று அந்தப் படத்தில்தான் தெரிகிறது. வைகைப் படமும் அப்படியே. ஏ.வி. பாலம் 1889-ல் வந்தது, அவர் எடுத்தது அதற்கு முப்பது வருடம் முன்னால், ஆற்றில் தரையோடு போகும் தரைப்பாலம்.

13 ஏப்ரல்

ஜனவரியில் கேள்வி கேட்ட தம்பி நேற்று தன் முதல் படத்தை அனுப்பியிருக்கிறார். மொபைல்தான். புது மண்டபத்துத் தூண் வரிசை, வெளியிலிருந்து. டிரைப் அந்த மண்டபத்தின் தென்பக்க நடையை உள்ளே நின்று எடுத்திருக்கிறார், அவ்வளவு இருட்டில் அந்தத் தாளில் எப்படி எடுத்தார் என்பது எனக்கு இன்னும் வியப்பு. நம் காலத்தில் அங்கே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் சத்தத்தில் யாளி தெரியாது.

தம்பி, உங்கள் தூண் நேராக நிற்கிறது. செபியா இல்லை. நீலச் சானல் சரியாக வேலை செய்திருக்கிறது. இரண்டு குறை. கீழே தரை வெட்டுப்பட்டுவிட்டது, தூண் எங்கே ஊன்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும், இன்னும் ஆறு அடி பின்னால் போங்கள். இரண்டாவது, நேரம். காலை பத்து மணி வெளிச்சம் இது, எல்லாத் தூணும் ஒரே கனத்தில் இருக்கிறது. கிழக்கே வெயில் எழுந்த அரைமணிக்குள் போங்கள், முதல் தூணின் நிழல் இரண்டாவது தூணில் ஏறும்.

இடது ஓரத்தில் படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை வெட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள். நாளைக் காலை அவரும் அங்கேதான் இருப்பார். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.